களை எண்ணியவன்

பொத்தேரி ரயில் நிலையத்தில் நடைமேடை முடிந்து சரியும் இடத்தில், சல்லிக்கற்களுக்கு நடுவே, ஒரு மார்கழிக் காலையில் ஒன்பது வகைச் செடிகளை எண்ணினேன். குப்பைமேனி, மூக்குத்திப்பூண்டு, நாயுருவி, சாரணை, அருகு, பார்த்தீனியம் என்று வரிசை போனது. பக்கத்தில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நூறு பேர் தாம்பரம் வண்டிக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. 40 ஆண்டுகள் களை எண்ணிச் சம்பளம் வாங்கியவனுக்குக் கண் தானாகவே கீழே போகும்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேளாண்மையில் இளநிலை முடித்து முதுநிலைக்குச் சேர்ந்திருப்பவள். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். “சார், நான் மரபியல் கேட்டேன். உழவியல்தான் கிடைச்சுது. அதுலயும் எனக்குக் களையைக் கொடுத்திருக்காங்க. களையைப் படிச்சு என்ன ஆகப்போறேன்னு வீட்ல கேக்கிறாங்க” என்றாள். வண்டி வந்துவிட்டது. “ஏறும்மா, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவைத்தேன். நடைமேடையில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, கேட்டது கிடைக்காமல் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருக்கும் என் பிள்ளைகள் எல்லாருக்கும்.

நான் பிறந்த ஊர் இங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவு. இன்று கட்டடங்கள் நிற்கும் இந்த நிலமெல்லாம் என் சிறுவயதில் ஏரியை நம்பிய நெல்வயல்கள். ஏரி நிறையும்வரை காத்திருக்க முடியாதவர்கள் ஆடி, ஆவணி மழையிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். மாதம், ஒன்றரை மாதம் அது புன்செய்ப் பயிராக வளரும். ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் நன்செய் ஆகிவிடும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய வழக்கம் இது. நாற்று விட்டு நடுகிற வயலில் பயிருக்குக் களையைவிட மூன்று வார மூப்பு உண்டு. தேங்கிய நீரும் களையை அமுக்கி வைக்கும். புழுதிவிதைப்பில் அந்த இரண்டு உதவியும் கிடையாது. நெல்லும் களையும் ஒரே மழையில் பிறந்து ஒரே உயரத்தில் நிற்கும்.

அந்த வயல்களில் என் அம்மா கூலிக்குக் களை எடுத்தாள். நெற்பயிருக்கு நடுவே நெல்லைப் போலவே நிற்கும் ஒரு புல் உண்டு. நெல் சக்களத்தி என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போன நான் ஒருநாள் கைநிறைய நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அவள் திட்டவில்லை. இலை தண்டோடு சேரும் இடத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். “இதுக்கு மீசை இருக்கு பாரு, இது நம்ம புள்ள. அதுக்கு மீசை கெடையாது, அது சக்களத்தி.”

சில ஆண்டுகள் கழித்துக் கோவை வேளாண்மைக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் படம் வரைந்து, நெல்லுக்கு இலைநாக்கும் இலைக்காதும் உண்டு, சக்களத்திக்கு இரண்டும் இல்லை என்று கற்பித்தார். நான் மட்டும் அன்று குறிப்பு எழுதவில்லை. பிள்ளைகளே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், உங்கள் பாடப்புத்தகத்தின் முதல் பதிப்பு யாரோ ஒருவரின் விரல் நுனியில் இருந்திருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார்.

அந்தப் புல் ஏன் நெல்லைப் போல இருக்கிறது என்ற கேள்விக்கு விடை பிற்பாடுதான் தெரிந்தது. ரஷ்ய அறிஞர் வவிலோவின் பெயரால் வழங்கும் கருத்து அது. ஆயிரம் ஆண்டுகளாக மனிதக் கைகள் நெல்லைப்போல இல்லாததை எல்லாம் பிடுங்கி எறிந்தன. நெல்லைப்போலக் கொஞ்சம் தோன்றியவை தப்பின, விதை போட்டன, பெருகின. அந்த வேடத்தைத் தைத்துக் கொடுத்தது நம் கைதான். வயலில் களையாக அலையும் இன்னொரு புல்லிலிருந்துதான் குதிரைவாலி பயிராயிற்று. அதே குடும்பத்தில் ஒன்றைப் பிடுங்க ஆள் வைக்கிறோம், இன்னொன்றைச் சிறுதானியம் என்று பை போட்டு விற்கிறோம். சங்க காலத்து மருத நிலத்தில் களையென்று பறித்து எறியப்பட்டவை குவளையும் ஆம்பலும். களை என்பது ஒரு செடியின் குணமல்ல, அது நிற்கும் இடத்தைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு. இது புரியாத காலத்தில் நானும் களைகளைப் பகைவர்களாகவே நினைத்திருந்தேன்.

நான் பட்டப்படிப்பு படித்தபோது நாடெங்கும் நெல் ரகங்களின் பேச்சுத்தான். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது, இங்கே ஆடுதுறை 27 தஞ்சாவூர் வயல்களைப் பிடித்தது. பயிர்ப் பெருக்கம் படித்தவன் ஒரு ரகத்தை வெளியிட்டால் ஊரே அதன் பெயரைச் சொல்லும். எனக்கும் அந்த ஆசைதான். மதிப்பெண் சற்றுக் குறைந்தது. உழவியல் கிடைத்தது. அதில் களைக் கட்டுப்பாடு என்று தலைப்புக் கொடுத்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் களையியல் தனி வீடு இல்லாத பிள்ளை. உழவியலின் திண்ணையில்தான் அதற்கு இடம். இந்தியக் களையியல் கழகமே 1968-இல்தான் தொடங்கியது. களைக் கட்டுப்பாட்டுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் 1978-இல் வந்தது, ஜபல்பூரில் தேசிய மையம் அமைந்தது 1989-இல். நான் நுழைந்தபோது அந்தத் துறைக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுக் குழப்பம்.

ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழைய நெல் ரகங்கள் நெட்டையாக வளர்ந்து நிழல் போட்டே களையை அடக்கின. புதிய குட்டை ரகங்களில் அந்த நிழல் இல்லை. உரமும் வெயிலும் களைக்கும் சேர்த்தே கிடைத்தன. எல்லாரும் கொண்டாடிய அந்தப் பயிரின் வெற்றியே எனக்கு வேலை வைத்திருந்தது! கொண்டாட்டம் நடக்கும் வீட்டில் பின்கட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை மனக்குறை இல்லாமல் செய்யப் பழகிய பின்தான் எனக்கு அறிவியல் வசப்பட்டது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அரை மீட்டருக்கு அரை மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று. அதைப் பாத்தியில் குறிவைக்காமல் போட வேண்டும். களை அதிகமுள்ள இடமும் கூடாது, குறைந்த இடமும் கூடாது. உள்ளே விழுந்த செடிகளைப் புல், கோரை, அகன்ற இலை என்று பிரித்து எண்ண வேண்டும். பிறகு வேரோடு எடுத்துக் கழுவி, வெப்ப அறையில் உலர்த்தி எடை போட வேண்டும். ஒரு சட்டத்தில் 2 செடி இருக்கும், அடுத்ததில் 190 இருக்கும். எண்கள் இப்படித் தாறுமாறாக நிற்பதால் ஒவ்வொன்றோடும் அரையைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துத்தான் ஒப்பிடுவோம். அந்த அரை எதற்கு என்றால், பூஜ்யம் வந்த பாத்தியும் கணக்கில் ஒழுங்காக உட்கார வேண்டுமே, அதற்கு. எங்கள் துறையில் பூஜ்யம்தான் வெற்றி. நெல் ரகம் கண்டவன் வயலைக் காட்டி “இது என்னுடையது” என்பான். நான் எதைக் காட்டுவேன்? இல்லாமல் போன ஒன்றைக் காட்ட முடியாது. உங்களில் பலருக்கு வாய்க்கப்போவதும் இத்தகைய வேலைதான். விபத்து நடக்காமல் பார்ப்பவர், நோய் வராமல் பார்ப்பவர், கணக்கில் பிழை விழாமல் பார்ப்பவர் என்று உலகத்தில் பாதிப் பேர் பூஜ்யத்துக்காக உழைக்கிறார்கள். கைதட்டலை எதிர்பார்த்து இதில் இறங்கினால் ஐந்தாம் ஆண்டே மனம் கசந்துவிடும்.

இனி, என் முனைவர் பட்டத்தின் கதை. நடந்த இடத்தின் பெயர் வேண்டாம்; அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் உண்டு. பத்து வகைக் களைக் கட்டுப்பாட்டு முறைகள், ஒவ்வொன்றையும் மூன்று முறை திரும்பச் செய்வது, ஆக 30 பாத்திகள். இரண்டு பருவத்துக் கணக்கு இருந்தால்தான் ஆய்வேடு எழுத முடியும். முதல் பருவம் நன்றாக முடிந்தது. இரண்டாம் பருவத்தில், நட்ட 40-ஆம் நாள், ஐப்பசி மழையில் மேலேயிருந்த ஏரிக்கரை உடைந்து தண்ணீர் வயலில் இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் எட்டுப் பாத்தி தேறியது, 22 பாத்தி போய்விட்டது. அடையாளக் குச்சிகள் பக்கத்து வயல் வரப்பில் கிடந்தன.

மேலே இருந்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசினார். அந்த அன்புதான் ஆபத்தாக இருந்தது. “முதல் வருஷ எண்ணிக்கை இருக்கு இல்லையா? அதையே கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுதிடு. யாருக்கு நஷ்டம்?” காணாமல் போன பாத்திக்கு மதிப்புக் கணக்கிடப் புள்ளியியலில் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் யேட்ஸ் 1933-இலேயே அதைச் சொல்லிவிட்டார். ஆனால் அது ஓரிரு பாத்தி போனால் கைகொடுப்பது, 22 போனதற்கு அல்ல. என்னைக் கூப்பிட்டவர் சொன்னது யேட்ஸின் வழியும் அல்ல.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையல்ல. இரண்டு இரவு உட்கார்ந்து எண்களை எழுதினேன். மூன்றாம் நாள் அவற்றைப் படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: என் பொய் எண்கள் மெய் எண்களைவிட அழகாக இருந்தன. 2-க்குப் பக்கத்தில் 190 இல்லை. எல்லாம் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போயின. மண் அப்படி ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி நட்டேன். பட்டம் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது; எனக்குப் பின்னால் வந்த ஒருவர் எனக்கு முன்னால் பதவி பெற்றார். அந்த மனத்தாங்கல் பத்து ஆண்டு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அச்சிட்ட ஒவ்வொரு எண்ணின் மேலும் என்னால் படுத்துத் தூங்க முடிந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். தூக்கத்தின் தட்டுத்தான் தாழ்ந்தது.

நேர்மை வேறு, கவனம் வேறு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தேன். வயலில் 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளித்துவிட்டு, கைத்தெளிப்பானை இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசி, பூச்சிமருந்து அடிக்க வேண்டும் என்று கேட்ட பக்கத்துக் குடியானவருக்கு இரவல் கொடுத்தேன். நாலாம் நாள் அவருடைய தக்காளித் தோட்டத்தில் இலைகள் எல்லாம் சுருண்டு முறுக்கிக்கொண்டு நின்றன. தக்காளியும் பருத்தியும் அந்த மருந்தின் வாசனையைக்கூடத் தாங்காதவை. வெறும் தண்ணீர் அலசல் போதாது, சலவைச் சோடா கரைத்து ஊறவைத்துக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகும் அந்தத் தெளிப்பானை வேறு எதற்கும் தொடக் கூடாது. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன்! அவரிடம் போய் என் தவறு என்று சொன்னேன். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்து இழப்பைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, “வாத்தியாரே, சொல்லாம இருந்திருந்தா நான் பூச்சின்னு நெனச்சிருப்பேன்” என்றார். மறு ஆண்டு என் சோதனைக்கு நிலம் கொடுத்தவரும் அவர்தான். தெரிந்ததைச் செய்யாமல் விடும் பிழை, தெரியாமல் செய்யும் பிழையைவிட நீண்ட நாள் உறுத்தும்.

இனிச் சொல்லப்போவதற்கு இன்றுவரை என்னிடம் முழு விடை இல்லை.

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பியூட்டாகுளோர் என்ற களைக்கொல்லிக்குச் செயல்விளக்கம் நடத்தினோம். நட்ட மூன்றாம் நாள் ஏக்கருக்கு 20 கிலோ மணலில் மருந்தைக் கலந்து, வயலில் விரல் உயரம் தண்ணீர் நிறுத்திச் சீராக வீச வேண்டும். இரண்டு நாள் மடையைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். முப்பதாம் நாள் வயல் துடைத்துவைத்தது போல இருந்தது. நிலக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வரப்போரம் நின்ற ஒரு வயதான அம்மா மட்டும், “நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி. எங்களுக்கு அந்தக் களையெடுப்புக் கூலிய இனிமே யார் குடுப்பா?” என்று கேட்டார். என்னிடம் அறிக்கை இருந்தது. எக்டருக்கு எத்தனை ஆள் மிச்சம் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தேன். அந்த மிச்சப்பட்ட ஆள் வரப்பில் நின்று என்னைப் பார்க்கும் என்று எழுதும்போது நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளால் அப்போது நிமிர்ந்து நடக்க முடியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “வேலை போச்சேன்னு அவ அழுவுறா. வேலையால போன இடுப்புக்கு நான் அழுவுறேன். ரெண்டும் நிசந்தான்டா.”

காலம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்தன. பரனூரில் மகிந்திரா வளாகம் வந்தது. அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் சீருடை போட்டு நிறுவனப் பேருந்தில் ஏறினார்கள். இன்று களையெடுக்க ஆள் தேடி நிலக்காரர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். இதை வைத்து நான் செய்தது சரி என்று வாதாடலாம். நான் வாதாட மாட்டேன். இடையில் ஒரு பத்திருபது ஆண்டுகள் இருந்தன, அந்த ஆண்டுகளில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த ஆய்விதழும் கேட்கவில்லை. திருந்திய நெல் சாகுபடியோடு கோனோவீடர் என்ற களைக்கருவி வந்தபோதும் இதேதான்; பெண்கள் குனிந்து செய்த வேலை, ஆண்கள் நின்று தள்ளும் வேலையாக மாறியது, கூலியும் கை மாறியது. நீங்கள் எதைக் கண்டுபிடித்தாலும், அது வந்த பிறகு வரப்பில் நிற்கப்போகிறவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்டுபிடிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் முகம் தெரிந்திருக்கட்டும் என்கிறேன்.

மருந்தின் மேல் எனக்கிருந்த பக்தியும் மெல்லக் கரைந்தது. ஆண்டுதோறும் ஒரே மருந்தைப் போட்ட வயல்களில் புல் குறைந்தது, அந்த இடத்தில் கோரையும் ஆராக்கீரையும் ஏறின. வடக்கே அரியானாவிலும் பஞ்சாபிலும் கோதுமை வயலின் களைப்புல் ஒன்று, வருடக்கணக்கில் போட்ட ஐசோபுரோட்யூரான் மருந்துக்கு மசியாமல் போன செய்தி 1990-களில் எங்களை உலுக்கியது. நம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராம. கதிரேசன் வேறு வழியில் போனார். நெல்வயலில் மீனையும் கோழியையும் சேர்த்து வளர்த்துக் களையைக் குறைத்துக் காட்டினார். கற்பூரவள்ளியின் பொடி ஆகாயத்தாமரையைக் கொல்வதையும் நிறுவினார். வீட்டுக்கு வீடு சளிக்குக் கொடுக்கும் இலை! அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பொறாமைதான்.

பொத்தேரியில் ரயில் ஏறினால் சைதாப்பேட்டைக்கு மாறாமல் போகலாம். அந்த வண்டியில் போகும்போதெல்லாம் நான் மனத்துக்குள் ஒரு கும்பிடு போடுவேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கேதான், 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளியில். அதற்கும் முன்பு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் அங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டிருந்தார். கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துப் பணம் பண்ணும் திட்டம். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது சாயத்துக்குரிய நல்ல பூச்சி அல்ல, அதன் ஏழைச் சொந்தக்காரப் பூச்சி. சாயத் தொழில் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் படுக்கவில்லை. காடாக மண்டிக்கிடந்த கள்ளி வகை ஒன்றைத் தின்று தீர்த்தது. களையைப் பூச்சியால் அடக்கும் வித்தைக்கு உலகில் காட்டப்படும் முதல் உதாரணங்களில் ஒன்று இந்தத் தோல்வி. 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியை, இம்முறை வேண்டுமென்றே, கொண்டுவந்து விட்டார்கள். தென்தமிழகத்தில் முள்ளாக மூடிக்கிடந்த நிலங்கள் சில ஆண்டுகளில் உழவுக்குத் திரும்பின. முதல் பூச்சிக்கும் இரண்டாம் பூச்சிக்கும் நடுவே 131 ஆண்டுகள். ஆண்டர்சன் தன்னைத் தோற்றவர் என்றே நினைத்திருப்பார்.

இதைவிடப் பொறுமையான கணக்கு ஒன்று அமெரிக்காவின் மிச்சிகனில் நடக்கிறது. வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் களை விதைகளை மணலோடு கலந்து 20 குப்பிகளில் போட்டு மண்ணில் புதைத்தார். விதை எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று பார்க்க ஆசை. முதலில் ஐந்து ஆண்டுக்கு ஒரு குப்பி, பிறகு பத்துக்கு ஒன்று, இப்போது இருபதுக்கு ஒன்று என்று எடுக்கிறார்கள். அவர் போய்விட்டார், அவரிடம் வரைபடத்தை வாங்கியவரும் போய்விட்டார், கை மாறிக் கை மாறி வரைபடம் வருகிறது. 2021-இல், வெளிச்சம் பட்டு விதை விழித்துவிடக் கூடாதென்று இருட்டில் மண்வெட்டியோடு போய் ஒரு குப்பியைத் தோண்டினார்கள். 141 ஆண்டு உறங்கிய விதைகளில் சில முளைத்தன. அடுத்த குப்பி 2040-இல். கடைசிக் குப்பி 2100-இல்.

மண்ணில் உறங்கும் விதை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்குக் காலம் களையில்லாமல் காத்தால் போதும், விளைச்சல் குறையாது என்பது எங்கள் பாடத்தின் முதல் விதி. நெல்லுக்கு அது நட்டதிலிருந்து ஏறக்குறைய ஐந்து வாரம். இதை இளமைப் பருவத்துக்கு உவமையாக்கிப் பேசச் சொல்லி என்னைப் பல விழாக்களுக்கு அழைத்திருக்கிறார்கள். பேசியும் இருக்கிறேன். ஆனால் அது பாதி உண்மை. பின்னால் முளைக்கும் களை இந்த ஆண்டு நெல்லைத் தொடாது. விதையை மட்டும் மண்ணில் போட்டுவிட்டுப் போகும். அந்தக் கடனை அடைப்பது அடுத்த ஆண்டு உழுபவன். என் வாழ்விலும் என்னைக் கெடுத்தவை இளமையில் வந்தவை அல்ல. பேராசிரியர் ஆன பிறகு, இனி யார் கேட்பார் என்ற தைரியத்தில் முளைத்த கோபமும் அலட்சியமும்தான். அவற்றின் விதைகளை என் மாணவர்கள் சிலர் சுமந்ததைப் பார்த்தேன். கோரை மாதிரி. மேலே பறித்தால் கீழே கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிய மொட்டெல்லாம் விழிக்கும். உலகின் மிக மோசமான களை என்று நூல்கள் முதலிடம் கொடுத்த அந்தக் கோரையின் கிழங்கை அம்மா காயவைத்து இடித்துக் குளியல் பொடியில் சேர்ப்பாள். நல்ல வாசனை வரும்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். தைப்பொங்கல் கழிந்து, இரண்டு பேருமாக ஏரிக்கரையோரம் நவரைக்கு நட்டிருந்த ஒரு சிறு வயலுக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் வயல்கள் கொஞ்சம்தான். என் பழைய இரும்புச் சட்டத்தை எடுத்துப் போயிருந்தேன். ஒரு மூலை பற்றவைத்தது, லேசாகக் கோணல். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். சேற்றில் குந்தி எண்ணத் தொடங்கினாள். சக்களத்தி நான்கு, இலையை விரித்து மீசை பார்த்துச் சொன்னாள். ஊசிக்கோரை பதினொன்று. ஆராக்கீரை. பிறகு நிறுத்திவிட்டு, “சார், இது என்னது?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சிறிய செடி, எதிரெதிர் இலை, தண்டில் ஊதா ஓட்டம். எனக்குத் தெரியவில்லை.

“வேரோட எடும்மா. மண்ணை உதறிடாதே” என்றேன்.